முதுமைக்கு ஏற்ற மனை

வீடு என்பது இளைப்பாறும் இடம் என்று பொதுவாகச் சொல்லப்படும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் எழுந்த லயங்கள் அந்த எண்ணத்தோடு கட்டப்பட்டவை அல்ல. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பகல் முழுவதும் மலையில் நின்று, மாலையில் களைத்துத் திரும்பும் உடல்கள் இரவில் படுத்தெழுவதற்கு ஓர் இடம் வேண்டும். கட்டியவர்களின் நோக்கம் அவ்வளவே. ஏறத்தாழப் 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, வாசலில் ஒரு கான், சற்றுத் தள்ளிப் பீலி, இன்னும் தள்ளி மலசலகூடம். வலிமை உள்ளவருக்கு இந்த அமைப்பு எப்படியோ போதும் என்று கருதப்பட்டது. முதுமைக்கும் நோய்க்கும் அதில் இடம் வைக்கப்படவில்லை.

ஆயினும் முதுமை இடம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் அந்தப் பங்கு மேலும் உயர்ந்து வருகிறது. டிக்கோயாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஒவ்வொரு லயத்திலும் ஒரு முதியவராவது இருக்கக் காணலாம். ஒருவருக்கு நீரிழிவு, ஒருவருக்கு இரத்த அழுத்தம், ஒருவருக்கு முழங்கால் வாதம், ஒருவருக்கு இளைப்பு, ஒருவருக்குப் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ச்சி. இந்நோய்கள் ஒரு வாரத்தில் வந்து மறுவாரத்தில் போய்விடுபவை அல்ல. ஆண்டுக்கணக்காக மனிதரோடு கூடவே குடியிருப்பவை. ஆகவே மருந்து எவ்வளவு முக்கியமோ, அவர்கள் குடியிருக்கும் மனையைத் திருத்துவதும் அவ்வளவு முக்கியமாகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கலாம். ஓர் அப்பாயியை எண்ணிப் பாருங்கள். எழுபது வயது. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். முதுகில் கூடையோடு செங்குத்தான மலைகளில் ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. இப்பொழுது நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. தென்மேற்குப் பருவ மழை இரவெல்லாம் பெய்கிறது. நள்ளிரவில் அவருக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. பாயிலிருந்து எழ வேண்டும். உறங்கும் பிள்ளைகளைத் தாண்ட வேண்டும். நிலைப்படியைக் கடக்க வேண்டும். இஸ்தோப்பிலிருந்து இறங்கிப் பாசி பிடித்த வாசலில் நடந்து, கானைத் தாண்டி, இருளில் மலசலகூடத்தை அடைய வேண்டும். திரும்பியும் வர வேண்டும்.

மகனை எழுப்பலாமே என்று தோன்றும். “விடிஞ்சா வேலைக்குப் போற பிள்ள, எழுப்ப மனசு வரல” என்பார் அப்பாயி. ஆகவே மாலை நாலு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். தாகத்தை அடக்கிக்கொண்டு படுப்பார். இதனால் மலச்சிக்கல் உண்டாகும். சிறுநீர்த் தொற்று உண்டாகும். உடலில் நீர் வற்றித் தலைசுற்றலும் வரும். தலைசுற்றினால் விழுவது எளிது. விழுந்துவிடக்கூடாது என்று அஞ்சியே தண்ணீரை விட்டவர், தண்ணீரை விட்டதனாலேயே விழுகிறார். பெற்ற மகனிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் துன்பம் இது.

மனையைத் திருத்த நினைப்பவர் தொடங்கவேண்டிய இடம் இதுவே. படுக்கையிலிருந்து மலசலகூடம் வரை உள்ள வழியை, ஓர் இரவில், முதியவரோடு கூட நடந்து பார்க்க வேண்டும். எங்கே கை எதையாவது பற்றத் தேடுகிறது, எங்கே கால் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கை தேடுமிடத்தில் பிடி வேண்டும். கால் தயங்குமிடத்தில் ஒளியும் சமதரையும் வேண்டும். செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலை அந்த நடையே எழுதிக் கொடுத்துவிடும்.

முதலாவது படுக்கை. தரையில் விரித்த பாயிலிருந்து எழுவது வாதமுள்ள முழங்காலுக்குப் பெருஞ்சுமை. உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் நன்கு பதிந்து, முழங்கால் செங்கோணமாக மடியும் உயரத்தில் ஒரு கட்டிலோ பலகையோ அமைத்தால் போதும். பெரும்பாலோருக்கு அது 16 முதல் 18 அங்குலம் வரை இருக்கும். காம்பராவில் இடமில்லை என்பது உண்மையே. ஆயினும் கட்டிலின் அடியில் பெட்டிகளையும் பாத்திரங்களையும் வைத்துக்கொள்ளலாமாதலால் இழக்கும் இடம் அதிகமன்று. முதியவருக்குத் தனியிடம் என்று இஸ்தோப்பின் ஒரு பாதியை அடைத்துக் கொடுப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் காற்றும் சாரலும் புகாமல் பலகையால் இறுக அடைக்க வேண்டும். நாலாயிரம் அடி உயரத்துக் குளிர் இளைப்பு நோயாளருக்கு நல்லதன்று. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவரானால், வலிமையுள்ள பக்கமாக இறங்கத்தக்கவாறு கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கலாகாது; ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருந்து பின்னரே எழ வேண்டும்.

இரண்டாவது ஒளி. கட்டிலில் இருந்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு டோர்ச் விளக்கு தொங்கவேண்டும். மின்சாரம் உள்ள வீட்டில் வழியெல்லாம் தெரியத்தக்க ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரியலாம், இக்கால எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். நிலைப்படியின் விளிம்பிலும் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைப் பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கண்ணில் புரை விழுந்தவருக்கும் படி எங்கே முடிகிறது என்பது தெரியும்.

மூன்றாவது படிகள். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை அமைப்பதானால், ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது எங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. இஸ்தோப்பு ஒன்றரை அடி உயரமானால் சாய்வுப் பாதை 18 அடி நீள வேண்டும். லயத்து வாசலில் அவ்வளவு இடம் பெரும்பாலும் இராது. குறுகிய இடத்தில் செங்குத்தாகச் சாய்வு போட்டுவிட்டால், மழைக்காலத்தில் அது சறுக்குமரம் ஆகிவிடும். நடக்கக்கூடியவருக்கு அரைப்படியே நல்லது. ஒன்பது அங்குலப் படி ஒன்றிருந்தால், அதன் முன்னே நாலரை அங்குல உயரத்தில், பாதம் முழுவதும் பதியுமளவு அகலமாக ஒரு கல்லைப் பதித்துச் சீமெந்து பூசி, ஈரம் காயுமுன் ஈர்க்குமாற்றால் கீறிவிட வேண்டும். கீறிய தரையில் கால் வழுக்காது. படியேறும்போது நல்ல கால் முன்னே செல்லட்டும். இறங்கும்போது நோயுள்ள கால் முன்னே செல்லட்டும். ஊன்றுகோல் நல்ல பக்கத்துக் கையில் இருக்கவேண்டும்.

நான்காவது கைப்பிடி. பழைய லயங்களின் சுவர் பல இடங்களில் கல்லும் மண்ணுமாக எழுந்தது. அதில் ஆணி அடித்துப் பிடியைப் பொருத்தினால், முதியவர் தம் பாரம் முழுவதையும் அதில் சாய்க்கும் அந்த ஒரு கணத்தில் பெயர்ந்து வந்துவிடும். ஆதலால் சுவரை நம்பாமல், தரையில் இரண்டடி ஆழம் தோண்டிக் கம்பங்களை நாட்டி, அவற்றின் மேல் பிடியை இணைப்பதே பாதுகாப்பு. ஒன்றரை அங்குலப் பருமனுள்ள நீர்க்குழாயோ, நன்கு செதுக்கிய உருட்டு மரமோ கைக்கு அடங்கும். உயரத்தை அந்த முதியவரையே நிறுத்தி அளக்க வேண்டும். பற்றும்போது முழங்கை சற்றே மடிந்தால் அதுவே சரியான உயரம். இரும்புக் குழாய் மலைநாட்டு இரவில் பனிக்கட்டிபோல் குளிரும். தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் குளிரும் தெரியாது, ஈரத்தில் கையும் வழுக்காது. கானுக்கு மேலே அசையாத பலகையோ சீமெந்துத் தட்டோ மூடியாக இருக்கட்டும். வாசற் பாசியை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சுரண்டிக் கழுவ வேண்டும்.

ஐந்தாவது மலசலகூடம். குந்தியிருக்க இயலாதவருக்காக, நடுவில் துளையிட்ட உறுதியான கதிரை ஒன்றைக் குழியின் மேல் வைத்துவிடலாம். கால்களில் இறப்பர் பொருத்திய கதிரையே நகராமல் நிற்கும். பக்கத்தில் ஒரு பிடி வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நீக்கத்தக்கதாய் இருப்பது நலம். மழை கொட்டும் இரவுகளிலும் காய்ச்சல் நாட்களிலும் கட்டிலருகே மூடியுள்ள ஒரு சட்டி இருப்பதில் யாதொரு இழிவும் இல்லை. அதைக் காலையில் எடுத்துக் கழுவும் பொறுப்பை ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏற்கட்டும். மருமகள் ஒருத்தியின் தலையில் மாத்திரம் அது விழலாகாது.

இனி அடுப்படிக்கு வருவோம். புகை நிறைந்த குசினியில் பல ஆண்டு மூச்சுவிட்ட நுரையீரல் நாட்செல்ல நோயுறும். இதை உலக சுகாதார நிறுவனமும் பலமுறை எடுத்துரைத்துள்ளது. விறகைக் குறைவாக எரிக்கும் அனகி மண்ணடுப்பு இலங்கையில் நன்கு அறியப்பட்டது. ஆயினும் புகை வெளியேற வழியில்லாவிட்டால் எந்த விறகடுப்பும் தீங்குதான். புகைபோக்கி அமைப்பதும், அது இயலாவிடில் அடுப்புக்கு மேலே யன்னலோ திறப்போ வைப்பதும், விறகை நன்கு காயவைப்பதும் வேண்டும். அடுப்பை இடுப்பளவு உயர்த்திக் கட்டினால் குனியும் வேதனை தீரும். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்கள் குளிருக்காக அடுப்பருகே கால் நீட்டி உட்காரும் வழக்கத்தை விடவேண்டும். தோல் சுடுவதை அவர்கள் உணரமாட்டார்கள்; கொப்புளம் புண்ணாகி, புண் அழுகிய பின்னரே தெரியவரும். குளிருக்குக் கம்பளிக் காலுறையே தக்கது. நாள்தோறும் மாலையில் பேரப்பிள்ளை ஒருவர் அந்தப் பாதங்களின் அடியையும் விரல் இடுக்கையும் பார்த்துச் சொல்லட்டும். முதியவரின் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு குழந்தையின் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வெளியே வந்தால், மலைநாட்டு லயங்களின் ஓரமாகப் பல குடும்பங்களுக்கு ஒரு சிறு மரக்கறித் தோட்டம் இருக்கக் காணலாம். கோவா, லீக்ஸ், போஞ்சி, வல்லாரை, பொன்னாங்காணி என்று அங்கே ஏதேனும் ஒன்று பச்சையாக நிற்கும். அப்பாயி நோயுற்றதும் வீட்டார் முதலில் செய்வது, அன்பின் மிகுதியால், “நீங்க ஒண்ணும் செய்யவேணாம், சும்மா இருங்க” என்று சொல்லி அவரை அந்த நிலத்திலிருந்து விலக்கிவிடுவதுதான். வாழ்நாள் முழுவதும் இலையைத் தொட்டு வாழ்ந்த விரல்கள் சும்மா இருந்தால் விறைத்துப் போகும், மனமும் சோர்ந்துவிடும். ஆகவே அவரை நிலத்திலிருந்து விலக்காமல், நிலத்தை அவர் கையளவுக்கு உயர்த்திக் கொடுக்கவேண்டும்.

கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. இரண்டடி முதல் இரண்டரை அடி உயரத்தில் கல்லடுக்கி, உள்ளே மண்ணும் எருவும் நிரப்பினால் உயர்பாத்தி ஆயிற்று. ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் வேலை செய்வதானால் அகலம் இரண்டடிக்கு மேற்படலாகாது. இருபுறமும் நடக்க முடியுமானால் நாலடி வரை இருக்கலாம். கற்களுக்கிடையே நீர் வடிய இடைவெளி வேண்டும். வீட்டுச் சுவரோடு ஒட்டிப் பாத்தி கட்டினால் சுவரில் ஈரம் ஏறும், விலக்கியே கட்டவேண்டும். பக்கத்தில் உட்கார ஒரு கல்லிருக்கை, நடைபாதை மூன்றடி அகலம், அதன் மேல் சிறுகற்பரப்பு. பூவாளியில் பாதியளவே நீர் நிரப்பட்டும். காலையிளம் வெயிலில் அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்து வந்தால், கைக்கும் கண்ணுக்கும் அதுவே பயிற்சி. அன்றைய கறி அப்பாயியின் பாத்தியிலிருந்து வந்தது என்று வீட்டார் சொல்லும் சொல், எந்தக் குளிசையும் தராத தெம்பைத் தரும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மாத்திரம் எந்தக் கீரையை எவ்வளவு உண்ணலாம் என்பதை வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமநிலம் வேண்டும் என்பதற்காக வீட்டின் பின்புறத்து மண்மேட்டை வெட்டலாகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை மலைநாடு மறக்கவில்லை. சரிவைத் தொடுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரின் அறிவுரையை நாடவேண்டும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால், மெதுவாக நடப்பவர்களே முதலில் புறப்படவேண்டும். அவர்களுடைய மருந்தும் கிளினிக் புத்தகமும் ஒரு பையில் எப்பொழுதும் கதவருகே தொங்கட்டும்.

இவ்வளவுக்கும் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. சொல்லப்பட்டவற்றுள் பல, கல்லாலும் கயிற்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பாலும் முடிபவை. மற்றவற்றுக்கும் ஒரு வழியுண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பணிக்கொடையும் தொழிலாளி ஓய்வுபெறும்போது கைக்கு வருகின்றன. அந்தப் பணம் பெரும்பாலும் கடனுக்கும் கலியாணத்துக்கும் கரைந்துவிடுகிறது. அதை உழைத்துச் சேர்த்தவருடைய கால்களுக்கென்று அதில் ஒரு சிறு பங்கை முதல் நாளே ஒதுக்கி வைப்பது பெரிய காரியமா? லயம் தோட்டத்துக்குச் சொந்தமாதலால், சுவரையோ கூரையோ மாற்றுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியிருக்கிறது. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம், ஊன்றுகோல், சக்கர நாற்காலி முதலிய உதவிகள் பற்றிக் கேட்டறிவது முதியோரின் உரிமை, அது இரப்பதாகாது.

தோட்டங்களில் இப்பொழுது தனிவீடுகள் எழுந்து வருகின்றன. ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடியில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட வீடுகளையும் மலைநாட்டில் பல இடங்களில் காணலாம். புதுவீடு பெறுபவர்கள் ஒன்றைக் கருதவேண்டும். கட்டிய கதவை இடித்து அகலமாக்குவது கடினம். கட்டும்போதே மூன்றடி அகலக் கதவு வைப்பது எளிது. குளியலறைச் சுவரில் பிடி பொருத்தும் இடத்தைச் சீமெந்தால் உறுதியாக்கி வைப்பதும், வாசற்படியைத் தாழ்வாக அமைப்பதும் அப்படியே. இன்று குடிபுகும் மகனும் மருமகளும் ஒருநாள் அதே வீட்டில் ஊன்றுகோலோடு நடக்கப்போகிறவர்கள்தாம்.

எத்தனை கவனம் எடுத்தாலும் சில வேளை விழுவது நேரலாம். விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த முயலக்கூடாது. இடுப்பில் வலியிருந்து, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ தோன்றினால், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். நடக்கவிடாமல், பலகையில் படுக்கவைத்தே கொண்டுசெல்ல வேண்டும். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் 150 கட்டில்கள் கொண்ட கட்டடத் தொகுதி 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி திறக்கப்பட்டபின், இப்பகுதி மக்களுக்கு ஒரு பெரும் துணை அருகிலேயே உண்டு. ஆயினும் வைத்தியசாலை வரை உள்ள பாதையைவிட, கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை உள்ள பாதை குறுகியது. குறுகிய பாதையைச் சீர்செய்தால், நீண்ட பாதையில் செல்லவேண்டிய தேவை பலருக்கு நேராது.

அந்த அப்பாயியிடம் மறுபடியும் வருவோம். அதே மழை, அதே நள்ளிரவு. கட்டிலில் சற்று உட்கார்ந்திருந்து எழுகிறார். சிறு விளக்கின் ஒளியில் வெள்ளைக் கோடு தெரிகிறது. நார்க்கயிறு சுற்றிய பிடி கைக்கு எட்டுகிறது. அரைப்படியில் கால் பதிகிறது. போய்த் திரும்பி வந்து, ஒரு குவளை தண்ணீரை நிம்மதியாகக் குடித்துவிட்டுப் படுக்கிறார். வீட்டில் ஒருவரும் விழிக்கவில்லை. நேயர்கள் இன்றிரவே தத்தம் வீட்டு முதியவரோடு அந்தச் சிறுவழியை ஒருமுறை நடந்து பார்ப்பார்களாக.